மேவ்ரிக் ஹைப்ரிட் வந்துவிட்டது, ஸ்டிக்கருக்கு மேல் 6,000 டாலர் கேட்கிறார்கள்: கொடுப்பதா, எழுந்து வருவதா?

முருங்கைத்தோட்டம் (டாலஸ் பக்கம்)
2022 செப்டம்பர் 10, சனி காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். இன்று மதியம் 2 மணிக்கு வருகிறேன் என்று டீலரிடம் சொல்லியிருக்கிறேன், அதற்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

போன நவம்பரில் ஃபோர்டு மேவ்ரிக் ஹைப்ரிட், எக்ஸ்எல்டி மாடல், ஆர்டர் போட்டேன். எனக்கு ட்ரக் மோகமெல்லாம் கிடையாது. வீட்டுப் பின்புறம் முருங்கை, வாழை, கறிவேப்பிலை என்று வைத்திருக்கிறேன். மண்ணும் எருவும் கேம்ரி டிக்கியில் ஏற்றி ஏற்றி, ஒரு ஜூலை மாதம் ஏசியைப் போட்டால் மாட்டுக்கொட்டகை வாடை அடித்தது. அன்றைக்கு வீட்டில் இறுதி எச்சரிக்கை வந்துவிட்டது. இந்தச் சின்ன பிக்அப் 2021 ஜூனில் அறிமுகமானபோது, ஹைப்ரிட் எஞ்சினோடு ஆரம்ப விலையே 19,995 என்றார்கள். நகருக்குள் கேலனுக்கு 42 மைல். விடுவேனா?

பத்து மாதம் காத்திருந்து, இந்த வியாழக்கிழமை வண்டி வந்தது. ஜன்னல் ஸ்டிக்கர் இப்படி: எக்ஸ்எல்டி 22,280, நான் கேட்ட ஆப்ஷன்கள் 2,035, டெஸ்டினேஷன் (ஃபேக்டரியிலிருந்து கொண்டுவரும் கட்டணம்) 1,495. ஆக 25,810. எதிர்பார்த்ததுதான். அதற்குப் பக்கத்தில், அதே மாதிரி எழுத்தில், அதே அகலத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறது. "மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் 6,000." அதற்குக் கீழே "புரொடெக்ஷன் பேக்கேஜ் 1,895": ஜன்னல் டிண்ட், கதவு ஓரத்துக்கு ரப்பர், செராமிக் கோட்டிங், டயரில் நைட்ரஜன். மொத்தம் 33,705.

ஆர்டர் எடுத்த சேல்ஸ்மேன் "ஸ்டிக்கர் விலைதான்" என்று வாயால் சொன்னார். அவர் இப்போது அங்கே வேலையில் இல்லை. மேனேஜர் சிரித்த முகத்தோடு, "வேண்டாமென்றால் பரவாயில்லை சார், வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள்" என்கிறார். 500 டாலர் டெபாசிட் கொடுத்திருக்கிறேன். ரசீதில் ரீஃபண்டபிள் என்று இருக்கிறது.

சோடா பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலே சண்டைக்குப் போகிற ஊரிலிருந்து வந்தவன் நான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஒண்டிக்கட்டை
காலை 7.58

கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணா. 2022 மாடலுக்கு ஜனவரியிலேயே ஆர்டர் மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் ஓடிய மேவ்ரிக் ஹைப்ரிட்டே ஸ்டிக்கருக்கு மேல்தான் விற்கிறது. பத்து மாசம் நின்ற வரிசையை விட்டு வெளியே வந்தால் மறுபடி கடைசியில் போய் நிற்கவேண்டும். 6,000 வலிக்கும்தான், ஆனால் பிறகு விற்கும்போது திரும்ப வந்துவிடும்.

கேலன் கணக்குப்பிள்ளை
காலை 8.20

@ஒண்டிக்கட்டை, எப்போது விற்கும்போது? அவர் முருங்கை வைத்திருக்கிறவர். பத்து வருஷம் ஓட்டுவார். அதற்குள் இந்தப் பற்றாக்குறையே இருக்காது.

கணக்குப் போடுவோம். ஹைப்ரிட்டுக்கு இ.பி.ஏ. (அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை) சொல்கிற சராசரி கேலனுக்கு 37 மைல். அதே வண்டியில் 2 லிட்டர் டர்போ, முன்சக்கர இழுவை என்றால் 26. வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டினால் ஒன்று 324 கேலன் குடிக்கும், மற்றது 461. மிச்சம் 137 கேலன். கேலன் 3.30 என்று வைத்தால் வருஷத்துக்கு 450 டாலர் சொச்சம். 6,000 டாலரை அதில் எடுக்க 13 வருஷம் ஆகும். பேக்கேஜையும் சேர்த்தால் 17 வருஷம். ஹைப்ரிட் வாங்குவதன் மொத்த லாபத்தையும் டீலர் முன்கூட்டியே தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று. டெக்சஸில் 6.25% வரி இந்த 7,895-க்கும் சேர்த்துத்தான். அதற்கு 493. ஆக 8,388. இதை 5% வட்டியில் ஐந்து வருஷக் கடனாக எடுத்தால் மாதம் 158, மொத்தம் 9,500. 6,000 என்று பேசுகிறோம், பையிலிருந்து போவது 9,500.

ஷோரூம்காரன்
காலை 8.51

நான் வேறு மாநிலத்தில், வேறு கம்பெனி ஷோரூமில் ஆறு வருஷம் இருந்தவன். இப்போது இல்லை. அதனால் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

முதலில் அந்த எம்.ஆர்.பி. நினைப்பை விட்டுவிடுங்கள். நம் ஊர் எம்.ஆர்.பி.யில் முதலில் இருக்கிற எழுத்து "அதிகபட்சம்". அதற்கு மேல் விற்றால் குற்றம். இங்கே எம்.எஸ்.ஆர்.பி.யில் (ஸ்டிக்கரில் கம்பெனி போடுகிற விலை) இருக்கிற எஸ் "பரிந்துரைத்த". அந்த ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லும் சட்டம் 1958-இல் வந்தது. ஓக்லஹோமா செனட்டர் மன்ரோனி கொண்டுவந்ததால் இன்றும் அதை மன்ரோனி ஸ்டிக்கர் என்றே சொல்வார்கள். வண்டியின் விலையை வாங்குகிறவர் பார்க்கவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்த விலைக்குத்தான் விற்கவேண்டும் என்று அதில் இல்லை. பக்கத்தில் ஒட்டுகிற இரண்டாவது தாள் டீலர் சொந்தமாக அச்சடிப்பது. ஒரே மாதிரி எழுத்து, ஒரே அகலம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது தற்செயல் இல்லை.

இரண்டாவது, டீலர் ஃபோர்டின் ஊழியர் இல்லை. வண்டியை ஃபோர்டிடம் வாங்கி உங்களுக்கு விற்கிற தனி வியாபாரி. டெக்சஸ் மாதிரி மாநிலங்களில் ஃபோர்டு நேரடியாக உங்களுக்கு விற்க சட்டமே இடம் கொடுக்காது. அதனால் "ஃபோர்டிடம் சொல்லிவிடுவேன்" என்றால் மேனேஜர் மனசுக்குள் சிரிப்பார்.

ஆனால் ஒன்று. 6,000 என்பது அவர்கள் எதிர்பார்க்கிற தொகை இல்லை, கேட்டுப் பார்க்கிற தொகை. ஸ்டிக்கர் விலையிலேயே அவர்களுக்கு லாபம் இருக்கிறது. இன்வாய்ஸுக்கும் (டீலர் கம்பெனிக்குக் கொடுக்கிற விலை) ஸ்டிக்கருக்கும் நடுவில் கொஞ்சம், அதற்குப் பிறகு ஹோல்ட்பேக் என்று கம்பெனி திருப்பிக் கொடுப்பது கொஞ்சம். மலிவு வண்டி என்பதால் பெரிய தொகை இல்லைதான், ஆனால் நஷ்டமும் இல்லை.

ஒரு கேள்வி: அந்த சேல்ஸ்மேன் எழுத்தில் ஏதாவது கொடுத்தாரா? இமெயில், டெக்ஸ்ட், எதுவானாலும் சரி. ஃபோனைத் தோண்டிப் பாருங்கள்.

மதுரை மச்சான்
காலை 9.02

தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கிறவனாவது போலீஸைக் கண்டால் ஓடுவான். இவர்கள் ஏசி போட்டு, காபி கொடுத்து விற்கிறார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

ஒண்டிக்கட்டை
காலை 9.10

@மதுரை மச்சான், உங்கள் வீட்டை விற்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விலைக்கு விற்பீர்களா, சந்தை விலைக்கா? வேண்டியவர்கள் நிறைய, வண்டி கொஞ்சம். சிப் பற்றாக்குறையை டீலரா உண்டாக்கினார்?

மதுரை மச்சான்
காலை 9.14

வீட்டை விற்க பத்து மாசம் முன்னால் 500 டாலர் வாங்கிக்கொண்டு விலை சொல்லியிருந்தால், சொன்ன விலைக்குத்தான் விற்பேன் தம்பி.

டியர்பார்ன் மாமா
காலை 9.30

மிச்சிகனிலிருந்து. போன பிப்ரவரியில் ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லி முதலீட்டாளர் கூட்டத்திலேயே இதைப் பேசினார். டீலர்களில் சுமார் 10% பேர் ஸ்டிக்கருக்கு மேல் விற்றிருக்கிறார்கள், யார் யார் என்று தெரியும், அவர்களுக்கு இனி ஒதுக்குகிற வண்டிகளில் கை வைப்போம் என்றார். ஷோரூம்காரன் சொல்வது போல விலையில் ஃபோர்டு தலையிட முடியாது. ஒதுக்கீட்டில் முடியும். அதனால் ஃபோர்டு வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டு, ஆர்டர் எண்ணோடு புகார் பதிந்து, கேஸ் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடனே எதுவும் நடக்காது. ஆனால் நம்பர் ஒன்று கையில் இருப்பது நல்லது.

எக்ஸ்-பிளான் பின் (ஃபோர்டு ஊழியர்கள் தெரிந்தவர்களுக்கு வாங்கித்தரும் தள்ளுபடி எண்) கிடைக்குமா என்று யாரும் கேட்கவேண்டாம். இந்த வண்டிக்கு அந்தத் தள்ளுபடியை ஏற்க மாட்டோம் என்று பாதி டீலர்கள் வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். என் மைத்துனனுக்கே வாங்கித்தர முடியவில்லை, வீட்டில் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஹூஸ்டன் அக்கா
காலை 10.05

தம்பி, நான் இதே மேவ்ரிக்கை ஜூனில் ஸ்டிக்கர் விலைக்கு வாங்கினேன். ஹூஸ்டனில் இல்லை. கேன்சஸில் ஒரு சின்ன ஊரில்.

நான் செய்தது இதுதான். 22 டீலர்களுக்கு ஒரே மெயில். அதில் மூன்றே வரி. "ஹைப்ரிட் எக்ஸ்எல் அல்லது எக்ஸ்எல்டி, எந்த நிறமானாலும் சரி. யாராவது ஆர்டரை விட்டுவிட்டுப் போன வண்டி இருந்தால் போதும். டாக் கட்டணம் (டீலரின் ஆவண வேலைக்கான கட்டணம்), நீங்கள் மாட்டிய பொருள்கள் எல்லாம் சேர்த்து, வரி தவிர, ஆன்ரோடு விலையை ஒரே எண்ணாக எழுதி அனுப்புங்கள்." நம் ஊரில் எக்ஸ்-ஷோரூம் விலையைச் சொல்லிவிட்டு ஆன்ரோடு விலையில் ஆளை அடிப்பார்களே, அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. அவர்கள் பாஷையில் "அவுட் த டோர்" என்று கேட்கவேண்டும்.

ஒன்பது பேர் பதில் போட்டார்கள். நாலு பேர் "நேரில் வாருங்கள், பேசலாம்" என்றார்கள். அதற்கு நான் பதிலே போடவில்லை. இரண்டு பேர் மார்க்கப்போடு, அதாவது ஸ்டிக்கருக்கு மேல் கூட்டி, விலை சொன்னார்கள். மூன்று பேர் ஸ்டிக்கர் விலை. அதில் ஒருவர் வண்டியின் வின் எண்ணோடு (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) பையர்ஸ் ஆர்டர் என்கிற விற்பனைத் தாளையே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். விமானத்தில் விச்சிட்டா போய், சுமார் 600 மைல் ஓட்டிக்கொண்டு வந்தோம். டிக்கெட், சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 400 டாலருக்குள். வரி இங்கே பதிவு செய்யும்போது டெக்சஸுக்குக் கட்டினோம்.

சின்ன ஊர் டீலருக்கு அந்த ஊர்க்காரர்கள் பெரிய ட்ரக்தான் வாங்குவார்கள். இந்தக் குட்டி வண்டி அவர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. டாலஸிலோ வரிசையில் நாலு பேர்.

முருங்கைத்தோட்டம்
காலை 10.41

கிடைத்துவிட்டது!! 2021 நவம்பர் 16, மாலை. நான்: "விலை ஸ்டிக்கர்தானே, கூட்ட மாட்டீர்களே?" அவர்: "கவலை வேண்டாம் சார், இங்கே ஆர்டர் போடுகிறவர்களுக்கு எம்.எஸ்.ஆர்.பி.தான்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல். வீட்டில் பிறந்தநாள் விருந்து நடுவில் வந்ததால் மறந்தே போயிருந்தேன்.

ஷோரூம்காரன்
காலை 11.08

அருமை. ஆனால் துள்ளவேண்டாம். கோர்ட்டுக்குப் போனால் இது நிற்குமா என்பது வக்கீல் வேலை. மேனேஜர் முன்னால் இதன் வேலை வேறு. "எங்கள் ஆள் சொல்லவில்லை" என்று சொல்கிற வாய்ப்பு அவருக்குப் போய்விட்டது.

2 மணிக்குள் இதைச் செய்யுங்கள்.

உங்கள் கிரெடிட் யூனியனில் (நம் ஊர் கூட்டுறவு வங்கி மாதிரி) கடனுக்கு முன் அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போதே ஆன்லைனில் போடுங்கள். டீலர் கொடுக்கிற கடனில் வங்கி சொன்ன வட்டிக்கு மேல் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் அவர் பங்காக ஏற்றுவார்கள். கையில் ஒரு எண் இல்லாமல் போனால் அது தெரியவே தெரியாது.

உள்ளே போனதும் ஒரு தாளில் நாலு கட்டம் போடுவார்கள். வண்டி விலை, பழைய வண்டியின் விலை, முன்பணம், மாதத் தவணை. ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுத்து இன்னொன்றில் எடுப்பார்கள். "மாதம் எவ்வளவு முடியும்?" என்பதுதான் அங்கே தூண்டில். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். ஆன்ரோடு எண் என்ன என்பதை மட்டும், பத்துத் தடவை வேண்டுமானாலும், ஒரே குரலில் கேளுங்கள்.

கேம்ரியை டிரேட்-இன் (பழைய வண்டியைக் கொடுத்து விலையில் கழிப்பது) கொடுக்கிறேன் என்று இன்று வாயே திறக்காதீர்கள்.

மூன்றாவது, அவர்களுக்கு ஒரு ஏணி வையுங்கள். மேனேஜர் தோற்றுப்போனதாகத் தெரியக்கூடாது. டிண்ட் ஏற்கெனவே ஒட்டிவிட்டார்கள் என்றால் அதற்கு மட்டும் நியாயமான விலை தருகிறேன் என்று நீங்களே சொல்லலாம். கடனை அவர்களிடமே எடுக்கிறேன், என் கிரெடிட் யூனியன் வட்டிக்கு இறங்கினால், என்றும் சொல்லலாம். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும்.

கடைசியாக, கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஷோரூமில் வாங்கிய வண்டிக்கு அந்த விதி கிடையாது.

கேலன் கணக்குப்பிள்ளை
காலை 11.15

நைட்ரஜனுக்கு மட்டும் ஒரு காசு கொடுக்காதீர்கள். நாம் மூச்சு விடுகிற காற்றே 78% நைட்ரஜன்தான்.

மதுரை மச்சான்
மாலை 4.30

என்ன ஆச்சு?

மதுரை மச்சான்
மாலை 6.12

அண்ணா?

முருங்கைத்தோட்டம்
இரவு 9.20

வண்டி இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். முழுதாகச் சொல்கிறேன்.

நானும் மனைவியும் போனோம். வண்டி வாசலிலேயே நிற்கிறது, கழுவித் துடைத்து. நான் கேட்ட அதே நீலம். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பலம் போய்விட்டது. ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சிக்னலில் நின்றால் சத்தமே இல்லை, மின்விசிறி ஓடுகிற வீட்டில் கரண்ட் போன மாதிரி. திரும்பி வந்தபோது நான் ஏறத்தாழ கையெழுத்துப் போடத் தயார்.

உள்ளே உட்கார்ந்ததும் ஷோரூம்காரன் சொன்ன அதே தாள், அதே நாலு கட்டம். மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். "மாதம் எவ்வளவு யோசித்திருக்கிறீர்கள்?" என்றார்கள். ஆன்ரோடு எண் என்ன என்றேன். "முன்பணம் 6,000 போட்டால் மாதம் 439-தான் சார்" என்றார்கள். ஆன்ரோடு எண் என்ன என்றேன். மூன்றாவது தடவை அந்தப் பையன் உள்ளே போய்விட்டான். அவன் போனதும் தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் 84 என்று இருந்தது. 84 மாதம்! முன்பணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் 42,876. இருபத்தையாயிரத்துச் சொச்சம் ரூபாய் வண்டிக்கு. ரூபாய் என்று எழுதிவிட்டேன், டாலர். கோபம் வந்தால் எனக்கு இன்னும் ரூபாய்தான் வருகிறது.

அப்புறம் மேனேஜர் வந்தார். ஃபோனில் அந்த டெக்ஸ்டைக் காட்டினேன். படித்தார். முகம் மாறவில்லை, ஆனால் மறுபடி முதலிலிருந்து படித்தார். "அந்த நபர் இப்போது எங்களிடம் இல்லை" என்றார். மனைவி கேட்டாள்: "அவர் வாங்கிய 500 டாலர் மட்டும் உங்களிடம்தானே இருக்கிறது?" அதற்குப் பதில் வரவில்லை.

6,000 என்பது 3,000 ஆனது. பிறகு உள்ளே போய் வந்து 1,500. பேக்கேஜ் மட்டும் குறையாதாம், எல்லா வண்டிக்கும் போட்டதாம். மணி ஐந்தரை. நான் 1,500-க்கு ஒத்துக்கொள்ளலாமா என்று மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். எழுந்து வந்துவிட்டோம். என் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: ஸ்டிக்கர் 25,810, டிண்ட்டுக்கு 399, டாக் 150, அரசு வரியும் பதிவும். திங்கள் சாயங்காலம் வரை.

வண்டி நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் எங்கள் காருக்குப் போகவேண்டும். நான் திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

ஹூஸ்டன் அக்கா
இரவு 9.41

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். அவரை ஒரு ஐடி தொடங்கச் சொல்லுங்கள்.

ஒண்டிக்கட்டை
இரவு 9.55

1,500-க்கு எடுத்திருக்கலாம் அண்ணா. திங்கட்கிழமைக்குள் வரிசையில் இருக்கிற நாலு பேரில் ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஷோரூம்காரன்
இரவு 10.20

நாளைக்குப் போக மாட்டார். டெக்சஸில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கார் கடை திறக்கக்கூடாது, ஏதாவது ஒன்றுதான். இவர்கள் சனி திறந்தார்கள் என்றால் நாளை பூட்டு. உங்களுக்கு ஒரு நாள் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அந்த நாலு பேரும் உண்மையாக இருந்திருந்தால், ஆறாயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கு மூன்று மணி நேரத்தில் இறங்கியிருக்க மாட்டார்கள். ஹூஸ்டன் அக்கா மாதிரி நாளை உட்கார்ந்து மெயில் அனுப்புங்கள். பதில் வந்தால் நல்லது, வராவிட்டாலும் சும்மா ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்காரமாட்டீர்கள்.

முருங்கைத்தோட்டம்
2022 செப்டம்பர் 12, திங்கள் இரவு 8.05

பகல் 11.30-க்கு மேனேஜரே கூப்பிட்டார். "டிண்ட், ரப்பர், நைட்ரஜன், செராமிக் எல்லாம் சேர்த்து 995 கொடுங்கள், மார்க்கப் வேண்டாம்." ஓக்லஹோமாவில் ஒரு டீலர் நேற்றிரவே ஸ்டிக்கர் விலைக்கு எக்ஸ்எல் ஒன்று இருக்கிறது என்று பதில் போட்டிருந்தார். வெள்ளை, ஆப்ஷன் எதுவும் இல்லாதது. அந்த மெயிலைப் பற்றி மட்டும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. "அரை மணி நேரத்தில் கூப்பிடுகிறேன்" என்றார். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்.

ஸ்டிக்கர் 25,810, டிண்ட் 399, வரி 1,638, டாக் 150, டைட்டில் (உரிமைப் பத்திரம்), பதிவு 103. ஆக 28,100. சனிக்கிழமை அவர்கள் மனசில் இருந்தது 36,062. கடன் அவர்களிடமே, கிரெடிட் யூனியன் சொன்ன 4.49 வட்டிக்கே இறங்கினார்கள். ஃபைனான்ஸ் அறையில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம். நீட்டித்த வாரண்டி, கேப் (வண்டி அழிந்துபோனால் மீதிக் கடனுக்கான காப்பீடு), டயர் காப்பீடு, சாவி காப்பீடு. சாவிக்குக்கூடக் காப்பீடு இருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் "வேண்டாம், நன்றி" என்று சொல்லி வாய் வலித்தது. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் என் தாளோடு ஒப்பிட்டோம். "எலக்ட்ரானிக் ஃபைலிங்" என்று 95 டாலர் புதிதாக முளைத்திருந்தது. காட்டினேன், எடுத்துவிட்டார்கள்.

டயர் வால்வில் பச்சை மூடி இன்னும் இருக்கிறது. நைட்ரஜன் இலவசம்.

மதுரை மச்சான்
இரவு 8.11

399-ம் தண்டம்தான். வெளியில் டிண்ட் 200-க்கு ஒட்டுவார்கள். ஆனாலும் வாழ்த்துகள் அண்ணா!

கேலன் கணக்குப்பிள்ளை
இரவு 8.30

அது ஏணிக்குக் கொடுத்த விலை. 7,962 மிச்சம். பதினேழு வருஷப் பெட்ரோல்.

டியர்பார்ன் மாமா
2022 செப்டம்பர் 23

இதைப் படித்துவிட்டு 2023 மாடலுக்கு ஆர்டர் போட நினைத்தவர்களுக்கு: 15-ஆம் தேதி திறந்தார்கள், ஒரு வாரத்துக்குள் மூடிவிட்டார்கள். ஆரம்ப விலையும் 22,195 ஆகிவிட்டது. அடுத்த முறை ஆர்டர் போடுகிறவர்கள், "டெலிவரி அன்று ஸ்டிக்கர் விலைக்கு மேல் எதுவும் கூட்டமாட்டோம்" என்று ஒரு வரி எழுதி மேனேஜர் கையெழுத்து வாங்குங்கள். சேல்ஸ்மேன் கையெழுத்து போதாது. அவர் போய்விடுவார், மேனேஜரும் போய்விடுவார், தாள் போகாது.

கறிவேப்பிலை_ஆஸ்டின்
2025 மே 18, ஞாயிறு

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். 2025 மேவ்ரிக் ஹைப்ரிட், நான்கு சக்கர இழுவை, பார்த்து வைத்திருக்கிறேன். 2,000 மார்க்கப், அதோடு 1,295-க்கு ஒரு பேக்கேஜ். இதையெல்லாம் தடுக்க மத்திய அரசு விதி வந்துவிட்டது என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

ஷோரூம்காரன்
2025 மே 18

வந்தது, போயும் விட்டது. எஃப்.டி.சி. (அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம்) 2023 டிசம்பரில் கார்ஸ் ரூல் என்று ஒன்றை இறுதி செய்தது. விளம்பரத்தில் முழு விலை சொல்லவேண்டும், பயனில்லாத பொருளைத் தலையில் கட்டக்கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. சாதாரணக் காற்றைவிட அதிக நைட்ரஜன் இல்லாத "நைட்ரஜன் டயர்" அதில் உதாரணமாகவே வந்தது! டீலர் சங்கங்கள் வழக்குப் போட்டன. அறிவிப்பு நடைமுறையில் ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள் என்று சொல்லி, ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஜனவரி 27-இல் விதியை ரத்து செய்துவிட்டது. இருந்திருந்தாலும் மார்க்கப்பைத் தடுத்திருக்காது. மறைக்காமல் சொல்ல வைத்திருக்கும், அவ்வளவே.

கேலன் கணக்குப்பிள்ளை
2025 மே 18

2025 மாடலில் ஹைப்ரிட் ஆரம்பமே 26,295 என்று தொடங்கியது. வண்டி மெக்சிகோவில் எர்மோசியோவில் செய்கிறார்கள், இறக்குமதி வரி 25% வந்ததும், மே 2-க்குப் பிறகு தயாராகும் வண்டிகளுக்கு 2,000 வரை கூட்டுவதாக ஃபோர்டே சொல்லிவிட்டது. 19,995-இல் ஆரம்பித்த வண்டி. டீலர் அன்றைக்குக் கேட்ட ஆறாயிரத்தை இப்போது கம்பெனியே ஸ்டிக்கரில் அச்சடித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் தம்பி, மே 2-க்கு முன் தயாரான வண்டியா என்று கதவு ஓரத்தில் இருக்கிற லேபிளில் மாதத்தைப் பாருங்கள்.

முருங்கைத்தோட்டம்
2025 மே 19

அட, நம் இழை! நீல வண்டி 34,000 மைல் ஓடிவிட்டது. நகருக்குள் 40 கொடுக்கிறது, நெடுஞ்சாலையில் 75-இல் போனால் 33-தான். ஒரு தடவை மண் மூட்டை அதிகமாக ஏற்றி, பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. 1,500 பவுண்டு என்றால் 1,500-தான், ஆட்களையும் சேர்த்து.

ஆஸ்டின் தம்பி, 2022 மாதிரி இப்போது பஞ்சம் இல்லை. உங்கள் பக்கம் எத்தனை டீலரிடம் அதே வண்டி நிற்கிறது என்று முதலில் எண்ணுங்கள். நாளைக்கே மெயில் அனுப்புங்கள், ஹூஸ்டன் அக்காவின் மூன்று வரி மேலே இருக்கிறது. நேரில் போகிற அன்று வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நிறத்தைப் பார்த்து மயங்காத ஆளாகப் பார்த்து.

கறிவேப்பிலை_ஆஸ்டின்
2025 மே 24

ஆறு டீலர். மூன்று பேர் மார்க்கப் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். சான் ஆன்டோனியோ பக்கம் உள்ள ஒருவர் ஸ்டிக்கரிலிருந்து 600 குறைத்திருக்கிறார். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், அவரைத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். காய்கறிக் கடையிலேயே யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்.